பாறை தட்டும் வரை

மாமா 31 வருஷம் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு ஏழெட்டு மாதம் கழித்துத்தான் வீட்டு வாசலை மிதிப்பார். எந்த ஊர் மண்ணுக்கு எத்தனை அடி கேசிங் இறக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். மகளைப் பார்க்க பிட்ஸ்பர்க் வந்து, இரண்டு வாரமாக வீட்டுக்குள்ளேயே இருந்தவரை, வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள டைட்டஸ்வில்லுக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனேன். எண்ணெய்க்காக போர் போட்டு உலகத்தையே மாற்றிய இடம் அது, அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்று சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்ன ரிக்கு மாப்ளே?"

நான் அந்த இடத்தைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். யார் பணம் போட்டார்கள், யார் ஏமாந்தார்கள், யார் கோடீஸ்வரர் ஆனார்கள் என்பதெல்லாம் தெரியும். என்ன ரிக் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

டிரேக் கிணறு அருங்காட்சியகம், ஆயில் கிரீக் என்ற சிற்றாற்றின் கரையில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆயில் கிரீக் என்றால் எண்ணெய் ஓடை. கிணறு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஓடைக்கு அந்தப் பெயர் இருந்தது. நீரின் மேல் எண்ணெய் தானாகவே மிதந்து வரும். செனகா பூர்வகுடி மக்கள் அதை வழித்தெடுத்து மருந்தாகப் பயன்படுத்தினார்கள். கம்பளியை நீரின் மேல் விரித்து, எண்ணெய் ஊறியதும் பிழிந்து எடுப்பது அங்கே ஒரு பழைய வழி. கரையோரத்தில் குழி தோண்டி, மண் சரியாமல் மரக்கட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி, ஊறும் எண்ணெயை மொண்டெடுத்த பள்ளங்களின் தடயங்களும் அந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. ஐரோப்பியர்கள் வந்து சேர்வதற்கு முன்பே வெட்டப்பட்ட குழிகள் அவை.

எனவே எண்ணெயை யாரும் இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தோண்டி எடுத்ததிலும் டைட்டஸ்வில் முதலிடம் கிடையாது. பர்மாவின் ஏனாஞ்சாங்கில் தலைமுறை தலைமுறையாகக் கையால் கிணறு வெட்டி எண்ணெய் இறைத்தார்கள். காஸ்பியன் கடலோரத்து பாகூவில் 1840களிலேயே எண்ணெய்க்குத் துளையிட்டுப் பார்த்துவிட்டார்கள். போலந்தில் லூகாசியேவிச் என்ற மருந்தாளர் 1850களில் எண்ணெய்க் கிணறு நடத்தினார். கனடாவின் ஒன்டாரியோவில் வில்லியம்ஸ் என்பவர் 1858-இல் வணிகமாகவே எண்ணெய் எடுத்தார். இத்தனை பேர் இருக்க, 1859-இல் தோண்டிய ஒரு கிணற்றைத் தொழிலின் பிறப்பிடம் என்று கொண்டாடுவது ஏன் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. அதற்குப் பதில் மாமா மூலமாகக் கிடைத்தது.

பழைய கிணறு இருந்த அதே இடத்தில், பழைய புகைப்படங்களைப் பார்த்து 1940களில் மரத்தால் மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். பலகை அடைத்த உயரமான கோபுரம், அதை ஒட்டி இஞ்சின் கொட்டகை. உள்ளே நீராவிக் கொதிகலன், இஞ்சின், தலைக்கு மேலே ஏறி இறங்கும் பெரிய உத்தரம். மாமா எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நேராகப் போய்த் தரையிலிருந்து எழும் இரும்புக் குழாயின் முன் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"கேசிங் இறக்கியிருக்கான் பாரு."

இந்தக் கிணற்றைப் போட்ட எட்வின் டிரேக்குக்கு எண்ணெயும் தெரியாது, நிலவியலும் தெரியாது. ரயிலில் டிக்கெட் பார்க்கும் நடத்துநராக இருந்து, உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டவர். பழைய வேலையின் புண்ணியத்தில் ரயில் பாஸ் கையில் இருந்தது. ஆயில் கிரீக் எண்ணெயை எடுத்து விற்க நினைத்து, செலவில்லாமல் டைட்டஸ்வில் போய்வர ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு அது போதுமாக இருந்தது. அந்தக் கம்பெனியை நடத்திய நியூ ஹேவன் நகரத்து வங்கியாளர் டவுன்செண்ட், ஊராரிடம் மரியாதை கிடைக்கட்டும் என்று டிரேக்குக்கு எழுதிய கடிதங்களின் மேல் 'கர்னல்' என்று போட்டு அனுப்பினார். ராணுவத்தில் ஒரு நாள்கூட இல்லாதவர் கடைசிவரை கர்னல் டிரேக்காகவே இருந்தார்.

அந்தக் கம்பெனிக்குத் துணிச்சல் கொடுத்தது ஒரு வேதியியல் அறிக்கை. யேல் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமன் (இளையவர்) ஆயில் கிரீக் எண்ணெயை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிக் காய்ச்சி வடித்தார். கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருள் அல்ல. நீளம் வேறுபட்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளின் கலவை. சங்கிலி சிறியதாக இருந்தால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும், நீளமாக இருந்தால் நிறையச் சூடு கேட்கும். எனவே சூட்டைப் படிப்படியாக ஏற்றி, அந்தந்தப் படியில் வரும் ஆவியைத் தனித்தனியாகக் குளிரவைத்தால் கலவை பிரிந்துவிடும். சாராயம் காய்ச்சுவதன் தத்துவமும் இதுதான். ஆரம்பகாலச் சுத்திகரிப்பு ஆலைகள் பார்ப்பதற்கும் சாராய ஊறல் பானைகளின் பெரிய வடிவம் போலத்தான் இருந்தன. சில்லிமன் வடித்ததில் பாதிக்கு மேல் விளக்கெரிக்கத் தகுதியானது என்று தெரிந்தது. வெளிச்சத்தை அளக்கும் கருவி வைத்து, அன்று புழக்கத்தில் இருந்த மற்ற விளக்கெண்ணெய்களோடு ஒப்பிட்டும் காட்டினார். 1855-இல் வந்த இந்த அறிக்கையில் கார் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. விளக்கு மட்டும்தான் இருந்தது.

எதிலிருந்து எண்ணெய் எடுப்பது என்பது முடிவாகிவிட்டது. எப்படி எடுப்பது என்பதுதான் மிச்சம். குழியில் ஊறும் எண்ணெய் ஊர் மருந்துக்கடைக்கே போதாது. உப்புநீர்க் கிணறு போடுவதுபோல் துளை போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். உப்புக்காகப் பாறையைத் துளைப்பதில் சீனர்கள் உலகுக்கே மூத்தவர்கள். சிச்சுவான் மாகாணத்தில் மூங்கிலும் கயிறும் வைத்து, 1835-லேயே 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியவர்கள். அமெரிக்காவிலும் உப்புக் கிணறு தோண்டுவோர் இருந்தார்கள். கயிற்றின் நுனியில் கனமான உளியைக் கட்டி, தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையைக் குத்தி நொறுக்குவது முறை. உளி ஒவ்வொரு முறை விழும்போதும் கொஞ்சம் திருப்பிவிட்டால் துளை வட்டமாக வரும். நொறுங்கியதைத் தண்ணீரோடு சேர்த்து, அடியில் வால்வு வைத்த குழாய் வாளியால் இறைப்பார்கள்.

"இதுவும் ஹேமர்தான்" என்றார் மாமா. "நம்ம வண்டியில காத்து அடிச்சுக் குத்துது, நிமிஷத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல. இவன் கயித்துல கட்டிக் குத்தியிருக்கான். பாறைக்கு என்ன தெரியும், யாரு குத்துறான்னு."

டிரேக் பிடித்துவந்த உளியாள் வில்லியம் ஸ்மித் என்ற கொல்லர். உப்புக் கிணற்று வேலையில் தேர்ந்தவர், கருவிகளைத் தானே அடித்துச் செய்துகொண்டு 1859 கோடையில் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். ஊரார் அவரை அழைத்தது 'பில்லி மாமா' என்று. அதைச் சொன்னபோது மாமா முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

சிக்கல் பாறையில் வரவில்லை, பாறைக்கு மேலே இருந்த மண்ணில்தான் வந்தது. ஆற்றங்கரை அது. மணலும் கூழாங்கல்லும் களிமண்ணும் தண்ணீரும் கலந்த படுகை. தோண்டத் தோண்டப் பக்கச் சுவர் சரிந்து பள்ளம் நிரம்பியது. பக்கத்தில் ஓடும் ஓடையின் தண்ணீர் உள்ளே இறங்கியது. 16 அடிக்கு மேல் நகர முடியவில்லை. பம்ப் வைத்து இறைத்துப் பார்த்தார்கள், தண்ணீர் வரும் வேகத்துக்கு இறைப்பு ஈடுகொடுக்கவில்லை.

அப்போது டிரேக்குக்குத் தோன்றிய யோசனைதான் இந்த இடத்தை மற்ற இடங்களிலிருந்து பிரிக்கிறது. பள்ளம் தோண்டி அதற்குள் சுவர் கட்டுவதை விட்டுவிட்டு, குழாயையே சுவராக மண்ணுக்குள் அடித்து இறக்குவது. வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, கனத்த கட்டையால் இடித்து இடித்துக் கீழே செலுத்தினார்கள். 32-வது அடியில் குழாய் கெட்டிப்பாறையில் உட்கார்ந்தது. அதற்கு மேல் மண் சரியவில்லை, ஓடைத் தண்ணீரும் உள்ளே வரவில்லை. குழாய்க்கு உள்ளே உளியை இறக்கிப் பாறையைக் குத்த ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு 3 அடி.

தமிழ்நாட்டில் தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் போர் போடுகிறவர்கள் செய்வதும் அச்சாக இதேதான். மேல் மண் முடிந்து பாறை தட்டும் வரை கேசிங் பைப் இறக்குவார்கள். பாறை தட்டிவிட்டால் கேசிங்கை அங்கே நிறுத்திவிட்டு, வெறும் துளையாகக் கீழே போவார்கள். பாறை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும், மண்ணால் முடியாது. கேசிங் சரியாக உட்காராவிட்டால் மேல்மண் உள்ளே விழும், ஹேமர் சிக்கிக்கொள்ளும், சில லட்ச ரூபாய் சாமான் பூமிக்குள்ளேயே தங்கிவிடும். "போரு போடறதுல பாதி வேலை கேசிங்குதான். அதுக்குக் கீழ மெஷின் பாத்துக்கும்" என்று மாமா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு கடலுக்கு நடுவே நின்று எடுக்கும் எண்ணெய்க் கிணற்றிலும் முதல் வேலை இரும்புக் குழாயை அடித்து இறக்கி மேல்மண்ணை அடைப்பதுதான். டிரேக் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

1859 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. உளி 69 அடி 6 அங்குலத்தில் ஒரு பிளவில் சறுக்கி இறங்கியது. வேலையை அன்றைக்கு நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் ஞாயிறு. மனம் கேட்காமல் வந்த பில்லி மாமா, குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். மேலேயே, சில அடி ஆழத்தில், கருத்த எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை டிரேக் வந்தபோது, தொட்டி, பீப்பாய் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் எண்ணெய் நிறைந்திருந்தது. பணம் தீர்ந்துபோனது, கடனை அடைத்துவிட்டு வேலையை மூடு என்று கம்பெனி எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது என்று அங்கே சொல்கிறார்கள்.

69 அடி என்பதைக் கேட்டு மாமாவால் நம்ப முடியவில்லை. எங்கள் பக்கத்தில் 1,000 அடி போயும் புகைதான் வருகிறது. வறண்ட பாறைத் தூளைக் காற்று வெளியே தள்ளுவதைப் 'புகை' என்பார்கள், அந்தச் சொல்லைக் கேட்டால் தோட்டக்காரர் முகம் மாறிவிடும். "நம்ம பக்கம் இத்தன அடி போறோம், ஒரு சொட்டு எண்ணெ தட்டுனதில்லையே?" என்றார். தட்டாது. கொங்கு நாட்டுப் பாறை நெருப்பிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய படிகப்பாறை. எண்ணெய் பிறப்பது கடலடிச் சேற்றில்.

ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன் பென்சில்வேனியாவின் இந்தப் பகுதி ஆழம் குறைந்த கடல். அதில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் செத்துச் செத்து அடியில் படிந்தன. காற்று இல்லாத சேற்றில் அவை முழுவதும் மக்கவில்லை. மேலே மேலே வண்டல் படிய, சேறு புதைந்து இறுகிக் களிப்பாறை ஆனது. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். சுமார் 60 டிகிரி செல்சியஸிலிருந்து 120 டிகிரிக்கு உட்பட்ட சூட்டில் அந்த உயிர்ப்பொருள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மெல்ல வெந்து எண்ணெயாகிறது. சூடு இன்னும் கூடினால் எரிவாயுதான் மிஞ்சும்.

எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. பாறையின் நுண்துளைகளில் இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறிவரும். வழியில் இறுகிய பாறை குறுக்கிட்டால் அங்கேயே தேங்கும், வெடிப்பு கிடைத்தால் மேலே கசியும். எண்ணெய் ஓடையில் மிதந்தது அப்படிக் கசிந்து வந்த மிச்சம். நிலத்தடியில் எண்ணெய் ஏரி போல் நிற்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை. மணற்பாறையின் மணிகளுக்கு இடையே, ஈர மணலில் தண்ணீர் இருப்பதுபோல, ஊறி இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அத்தகைய மணற்பாறைத் துண்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரண ஆட்டுக்கல் போலத்தான் இருந்தது. நம்மிடமும் காவிரிப் படுகையில் இப்படிப்பட்ட கடல் வண்டல் பாறைகள் இருக்கின்றன. அதனால்தான் நரிமணத்தில் எண்ணெய் வந்தது, நாமக்கல்லில் வராது.

கண்ணாடிப் பேழைகளைப் பார்த்துக்கொண்டே வந்த மாமா ஓரிடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டார். ஆரம்பகாலக் கிணறுகளில் எண்ணெய் ஏற்றும் குழாய்க்கும் பாறைத் துளைக்கும் இடையே மேல் தண்ணீர் இறங்கிவிடும். அதை அடைக்க அவர்கள் கண்ட வழி ஒரு தோல் பை. குழாயைச் சுற்றிப் பையைக் கட்டி, உள்ளே காய்ந்த ஆளி விதையை நிரப்பி, குழாயோடு சேர்த்துக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். தண்ணீர் பட்டதும் ஆளி விதை வழுவழுவென்று ஊறிப் பருக்கும். பை உப்பிப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் நின்றுவிடும். ரப்பர் வளையமும் சிமெண்டும் வருவதற்கு முன் ஒரு விதையின் குணத்தை நம்பி எண்ணெய்க் கிணற்றை அடைத்திருக்கிறார்கள். இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். "எவனோ பொண்டாட்டி ஊற வெச்சதப் பாத்துதான் கண்டுபுடிச்சிருப்பான்" என்றார் மாமா. அவர் சொல்வது உண்மையாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

விளக்குகளுக்கென்று ஒரு தனிப்பகுதி. அங்கே நின்றபோது என் பாட்டி வீடு நினைவுக்கு வந்தது. பாட்டிக்கு அது 'சீமெண்ணெய்'. பக்கத்து வீட்டில் 'கிருஷ்ணாயில்'. ரேஷன் கடைப் பலகையில் 'மண்ணெண்ணெய்'. கனடாவைச் சேர்ந்த ஆபிரகாம் கெஸ்னர் நிலக்கரியிலிருந்து விளக்கெண்ணெய் வடித்து, மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'கெரோசின்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நம் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தபோது கிருஷ்ணனின் பெயராகிவிட்டது. அந்த எண்ணெய் வந்ததே இந்தப் பென்சில்வேனியாவிலிருந்துதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்க மண்ணெண்ணெய் தகர டின்களில் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. பிறகு பாகூவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. எண்ணெய் தீர்ந்த டின் தண்ணீர் சுமக்கவும் அரிசி போட்டு வைக்கவும் ஆனது.

அதற்கு முன் நம் வீடுகளில் எரிந்தது ஆமணக்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும். கெட்டியான எண்ணெய்கள். திரி நூலின் இடைவெளிகளில் எண்ணெய் தானாக ஏறுவதை நுண்புழை ஏற்றம் என்பார்கள். கெட்டி எண்ணெய் அப்படி அதிக உயரம் வேகமாக ஏறாது. அதனால்தான் அகல் விளக்கில் திரி எண்ணெயிலேயே படுத்துக் கிடக்கிறது, சுடர் எண்ணெய் மட்டத்தை ஒட்டியே எரிகிறது. மண்ணெண்ணெய் தண்ணீராக இளகியது. ஒரு சாண் உயரத் திரியிலும் ஏறிவிடும். எண்ணெயைக் கீழே தொட்டியில் வைத்துச் சுடரை மேலே வைக்கலாம். மேலே கண்ணாடிச் சிம்னி கவிழ்த்தால், சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று இழுபட்டுச் சுடருக்கு வந்துகொண்டே இருக்கும். புகை குறையும், வெளிச்சம் கூடும். பாட்டி தினமும் மாலையில் சாம்பல் போட்டுச் சிம்னியைத் துடைத்ததில் இவ்வளவு இயற்பியல் இருந்தது.

மண்ணெண்ணெய் திமிங்கிலங்களைக் காப்பாற்றியது என்று ஒரு கதை உலவுகிறது. அமெரிக்கப் பணக்கார வீடுகளில் திமிங்கில எண்ணெய் எரிந்தது உண்மை, மண்ணெண்ணெய் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டதும் உண்மை. ஆனால் திமிங்கிலங்கள் மிக அதிகமாகக் கொல்லப்பட்டது 20-ஆம் நூற்றாண்டில், எண்ணெயில் ஓடிய இஞ்சின் கப்பல்களால். கதையின் பாதியை மட்டும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

காய்ச்சி வடிக்கும்போது மண்ணெண்ணெய்க்கு முன்பாக, குறைந்த சூட்டிலேயே ஒன்று ஆவியாகி வரும். விளக்கில் ஊற்றினால் வெடிக்கும். விற்க வழியில்லாமல் அதை ஆற்றில் கொட்டினார்கள், குழியில் ஊற்றி எரித்தார்கள். காசுக்கு ஆசைப்பட்டு அதை மண்ணெண்ணெயில் கலந்து விற்றவர்களும் உண்டு. விளக்கு வெடித்து எத்தனையோ வீடுகள் எரிந்தன. அந்த வேண்டாத திரவம்தான் பெட்ரோல்.

டிரேக் கிணற்றில் வந்தது ஒரு நாளைக்கு இருபது பீப்பாய்க்குள்தான். ஆனால் வழி தெரிந்துவிட்டது. குழாயும் உளியும் இஞ்சினும் இருந்தால் யாரும் போடலாம். பள்ளத்தாக்கு முழுக்கக் கோபுரங்கள் முளைத்தன. 1860 தொடக்கத்தில் பீப்பாய் 20 டாலர் வரை விற்ற எண்ணெய், 1861 கடைசியில் 10 சென்டுக்கு இறங்கியது. எண்ணெயைவிடக் காலிப் பீப்பாய்க்கு விலை அதிகம். அந்த 1861 ஏப்ரலில் ஒரு கிணற்றில் வாயு அழுத்தத்தோடு எண்ணெய் பீறிட்டு அடித்துத் தீப்பிடித்ததில், எண்ணெய்த் தொழில் செய்த ஹென்றி ரவுஸ் என்பவர் உட்பட 19 பேர் செத்தார்கள். பூமிக்குள் அழுத்தத்தில் எண்ணெயோடு கரைந்திருக்கும் வாயு, துளை கிடைத்ததும் சோடா பாட்டில் திறந்ததுபோல் பொங்கும் என்பதை அவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் கற்றார்கள்.

எண்ணெய் போட்டுவைக்கக் கிடைத்தது விஸ்கி, மீன், உப்பு என்று கைக்கு வந்த பீப்பாய்கள். அளவில் சண்டை வந்து, 40 கேலன் எண்ணெய்க்கு வழியில் ஒழுகுவதற்கும் ஆவியாவதற்கும் ஈடாக 2 கேலன் சேர்த்து, 42 கேலன் ஒரு பீப்பாய் என்று 1866 வாக்கில் ஒத்துக்கொண்டார்கள். லிட்டரில் 159. காலை டிவியில் "கச்சா எண்ணெய் பீப்பாய் இத்தனை டாலர்" என்று வாசிக்கிறார்களே, அந்தப் பீப்பாய் இதுதான். மரப் பீப்பாயில் எண்ணெய் போவது நின்று நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

பீப்பாய்களைச் சேற்றுப் பாதையில் இழுத்துச் சென்றவர்கள் குதிரை வண்டிக்காரர்கள். அவர்கள் வைத்ததுதான் கூலி. 1865-இல் சாமுவேல் வான் சிக்கிள் என்பவர் பிட்ஹோல் என்ற ஊரிலிருந்து ரயிலடிக்கு 5 மைலுக்கு, 2 அங்குலக் குழாய் பதித்தார். மூன்று பம்புகள் வைத்து ஒரு நாளைக்குச் சுமார் 2,000 பீப்பாய் எண்ணெயைத் தள்ளினார். நூற்றுக்கணக்கான வண்டிகளின் வேலை. வண்டிக்காரர்கள் இரவில் வந்து குழாயை உடைத்தார்கள், துப்பாக்கிக் காவல் போட வேண்டியிருந்தது. அருங்காட்சியகங்கள் பொதுவாக வான் சிக்கிள் பக்கம் நின்றுதான் இதைச் சொல்லும். எனக்கு அந்த வண்டிக்காரர்கள் ஞாபகமாகவே இருந்தது. குதிரைக்குத் தீனி போட வழி ஒரே மாதத்தில் அடைபட்டுப் போனவர்கள் அவர்கள்.

வெளியே வெட்டவெளியில் பழைய இஞ்சின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவே ஒரு இஞ்சின், அதிலிருந்து நாலா பக்கமும் தரையோடு தரையாக ஓடும் நீண்ட கம்பிகள். இஞ்சின் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பியும் முன்னும் பின்னும் இழுபட்டு, தூரத்தில் இருக்கும் கிணற்றின் பம்பை ஆட்டும். ஒரே இஞ்சின் பல கிணறுகளை இறைக்கும் ஏற்பாடு. எதிரெதிர்க் கிணறுகளின் எடை ஒன்றையொன்று தூக்கிக்கொள்வதால் இஞ்சினுக்குப் பாரம் குறைவு. கிணற்றில் வரும் வாயுவே இஞ்சினுக்கு எரிபொருள்.

அங்கே நான் கேட்டறிந்த ஒன்று மாமாவை உலுக்கிவிட்டது. இந்த வாயு இஞ்சின்களின் புகைக்குழாயில் ஆளுக்கொரு விதமான வாய்ப்பகுதியைப் பொருத்துவார்களாம். ஒன்று குரைக்கும், ஒன்று இருமும், ஒன்று ஊதும். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும், எந்த இஞ்சின் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று காதாலேயே தெரிந்துகொள்வார்கள். மாமா இஞ்சின் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி நின்றார். எங்கள் தாத்தா தோட்டத்தில் டீசல் இஞ்சின் இருந்த காலத்தில், கட்டிலில் படுத்தபடியே "தண்ணி கொறைஞ்சுருச்சு, சத்தம் மாறுது" என்பார். மாமாவுக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிட்ஹோலுக்கும் போனோம். 1865 ஜனவரியில் அங்கே எண்ணெய் வந்தது. அதே செப்டம்பரில் 15,000 பேர், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். அடுத்த வருஷமே கிணறுகள் வற்றவும், தீப்பிடித்துத் தெருக்கள் எரியவும், ஜனங்கள் வந்த வேகத்தில் கிளம்பிவிட்டார்கள். 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய நிலம் ஒன்று 1878-இல் 4 டாலர் 37 சென்டுக்கு ஏலம் போனது. இப்போது அங்கே ஒரு மலைச்சரிவும் புல்லும்தான். முன்பு தெருக்கள் இருந்த இடத்தில் மட்டும் புல்லைக் குட்டையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டிய புல்லில் நடந்தால் தெருவில் நடக்கிறோம், வெட்டாத புல்லுக்குள் கால் வைத்தால் யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறோம். மாமா கடைசிவரை தெருவிலேயே நடந்தார்.

டிரேக்கும் எதையும் கொண்டுபோகவில்லை. சேர்த்த பணத்தை நியூயார்க் பங்குச் சந்தையில் தொலைத்தார். நோயும் வறுமையுமாக இருந்தவருக்கு 1873-இல் பென்சில்வேனியா அரசு ஆண்டுக்கு 1,500 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. 1880-இல் இறந்தார். கல்லறையில் உளியடிக்கும் ஆளின் வெண்கலச் சிலையை வைத்தவர், ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் பெரும் பணம் பார்த்த ஹென்றி ராஜர்ஸ்.

ஆயில் கிரீக்கை ஒட்டிய காடு இன்று மாநிலப் பூங்கா. சாயங்காலம் அதன் வழியே கொஞ்ச தூரம் நடந்தோம். அன்று கரும் சேறாக, ஒரு மரம்கூட இல்லாமல் கிடந்த பள்ளத்தாக்கு இது என்று புகைப்படங்களைப் பார்த்த பிறகும் நம்புவது கடினம். ஜான் மேதர் என்ற புகைப்படக்காரர் கண்ணாடித் தகடுகளில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் இருந்திருக்காவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். மேப்பிளும் ஹெம்லாக்கும் இப்போது அடர்ந்து நிற்கின்றன. பாதை ஓரத்தில் அங்கங்கே துருப்பிடித்த இஞ்சின் பாகங்கள், கம்பிகள்.

ஓரிடத்தில் மாமா பாதையை விட்டு இறங்கினார். சருகுகளுக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்குத் துருப்பிடித்த குழாய் நின்றது. வாயில் மூடி இல்லை.

பென்சில்வேனியாவில் 1859-இலிருந்து தோண்டிய கிணறுகள் பல லட்சம். பல பத்தாண்டுகளுக்கு எங்கே தோண்டினோம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எண்ணெய் நின்றதும் மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போனார்கள், பலர் அதையும் செய்யவில்லை. கட்டை உளுத்துப்போகும், குழாய் துருப்பிடித்துப்போகும். பிறகு அந்தத் துளை பாறைக்கும் காற்றுக்கும் நடுவே திறந்த வாசல்தான். நிலத்தடி நீரில் உப்பும் எண்ணெயும் கலக்கலாம். மீத்தேன் ஓசையின்றி வெளியேறும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் காற்றைச் சூடாக்குவதில் ஏறத்தாழ 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். உரிமையாளர் யாரென்றே தெரியாத இந்தக் கிணறுகளைத் தேடி மூட அமெரிக்க நாடாளுமன்றம் 2021-இல் நாடு முழுவதற்குமாக 470 கோடி டாலர் ஒதுக்கியது. மூடுவதென்றால் முதலில் உள்ளே விழுந்து கிடப்பதையெல்லாம் வெளியே எடுத்து, அடியிலிருந்து மேல்வரை சிமெண்டு இறக்க வேண்டும். துளை போட்டதைவிடப் பல மடங்கு செலவு.

மாமா மண்டியிட்டுக் குழாயின் வாயில் முகத்தை வைத்தார்.

"சீமெண்ணெ வாசம் வருது மாப்ளே."

நானும் குனிந்தேன். வந்தது.

போனை எடுத்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். இப்படிக் கண்ணில் பட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லலாம். அதற்குள் மாமா ஓடைப் பக்கம் இறங்கிப் போய், இரண்டு கையாலும் ஒரு பலகைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபது வயதுக்குக் கனமான கல். ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

"கல்லு வெச்சா கேஸ் நிக்காதுங்க மாமா."

"தெரியும்" என்றார். குழாயின் வாயில் கல்லை வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஆடியது. சின்னக் கல் ஒன்றை அடியில் செருகி மறுபடியும் அசைத்துப் பார்த்தார்.

"எந்தக் கொழந்தையாவது வெளையாட வரும்ல."